தமிழ் விக்கிப்பீடியா: ஒன்றரை லட்சம் கட்டுரைகளுக்குள் ஒரு பார்வை

தமிழ்நாட்டின் ஏதேனும் ஓர் ஊராட்சியின் பெயரைத் தமிழ் விக்கிப்பீடியாவில் தேடினால் பெரும்பாலும் ஒரு பக்கம் கிடைத்துவிடும். எந்தச் சட்டமன்றத் தொகுதி, 2011 கணக்கெடுப்பின்படி ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்பதில் தொடங்கி, கைக்குழாய்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள், ஊரணிகள், சந்தைகள், சுடுகாடுகள் வரை அதில் ஓர் அட்டவணை இருக்கும். அடுத்த ஊராட்சியைத் திறந்தாலும் அதே வாக்கியங்கள்தாம். எண்கள் மட்டும் மாறும். அரசுத் தரவுகளைக் கொண்டு தானியங்கி நிரல் உருவாக்கிய இப்பக்கங்களை வீண் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. எனினும், அந்த ஊரணியை வெட்டுவித்தவர் யார், அவ்வூர்த் திருவிழா எந்த மாதத்தில் நடக்கும் என்பவற்றை ஊர்க்காரர் ஒருவர் வந்து எழுதினால்தான் உண்டு. பல பக்கங்களில் அப்படி யாரும் இன்னும் வரவில்லை.

2003ஆம் ஆண்டு தொடங்கிய இக்கலைக்களஞ்சியம், இலங்கையரான இ. மயூரநாதன் போன்ற ஒரு சிலரின் பொறுமையான உழைப்பில் வேர்பிடித்தது. 2017ஆம் ஆண்டு ஒரு லட்சம் கட்டுரைகளை எட்டிய அது, இன்று ஒன்றரை லட்சத்தையும் கடந்துவிட்டது. ஆனால் எல்லாக் கட்டுரைகளும் ஒரே வழியில் வந்தவையல்ல. 2010ஆம் ஆண்டையொட்டிக் கூகுள் நிறுவனம், ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிச் சேர்த்தபோது, நீளமான கட்டுரைகள் மளமளவென்று குவிந்தன. நடை தமிழாக இல்லை என்றும், எடுத்துக்கொண்ட தலைப்புகள் தமிழ் வாசகருக்கு முதன்மையானவை அல்ல என்றும் தன்னார்வலர்கள் எடுத்துச் சொன்னார்கள். எண்ணிக்கை ஏறுகிறதே என்று வாளாவிராமல் தரத்தைக் கேட்ட அந்தத் துணிவை, இச்சேவையின் ஆகச் சிறந்த தருணமாகக் கருதுகிறேன்.

நான் மிகுதியும் விரும்பிப் படிப்பது கட்டுரைகளை அல்ல, அவற்றின் பேச்சுப் பக்கங்களையும் 'ஆலமரத்தடி' என்று அழகாகப் பெயரிடப்பட்ட பொது உரையாடல் பக்கத்தையும்தான். ஜெர்மனி என்பதா, இலங்கை வழக்கின்படி ஜேர்மனி என்பதா, கிரந்த எழுத்தைத் தவிர்த்துச் செருமனி என்பதா என்பது போன்ற வாதங்களில், இரு நாட்டுத் தமிழும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுவதைக் காணலாம். வேறெந்த அச்சுக் கலைக்களஞ்சியமும் தன் சண்டைகளை இப்படி வாசகர் கண்முன் திறந்து வைத்ததாக எனக்கு நினைவில்லை.

கட்டணமும் விளம்பரமும் இல்லாத இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஒரு நிபந்தனையோடு. மேற்கோள் எடுக்கும் முன், கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைச் சொடுக்கி, எத்தனை பேர் தொகுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பத்து ஆண்டுகளில் பலர் கைபட்டுத் திருத்திய கட்டுரைக்கும், தானியங்கி ஒருமுறை இட்டுப் போனதற்கும் உள்ள வேறுபாடு அங்கே அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.