வளவு வீட்டில் ஏழு ஆண்டு மின்பணி: ஒரு வயர்மேனோடு பெற்ற அனுபவம்

எங்கள் வீட்டின் மின்பணிகளை 2018 தை மாதத்திலிருந்து ஒரே வயர்மேன்தான் பார்த்து வருகிறார். வேலை தொடங்கிய வாரத்திலேயே என்னை எழுதச் சொல்லியிருந்தால் அவரைப் பற்றிக் குறையாகத்தான் எழுதியிருப்பேன். முதல் ஐந்து நாள் கூலியைப் பெற்றுக்கொண்டு அவர் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை; வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து எதையோ அளந்து எழுதிக்கொண்டிருந்தார். ஏழு ஆண்டு மழையும் ஒரு புயலும் ஒரு கல்யாணமும் பார்த்துவிட்ட இன்றைக்கு, அந்த ஐந்து நாள் கூலிதான் மொத்தச் செலவிலும் வீண்போகாத முதல் பணம் என்று எனக்குத் தெரிகிறது.

வீடு காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறது. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வழக்கமான செட்டிநாட்டு அமைப்பு, நான்கு புள்ளிகளுக்கு, அதாவது நான்கு பங்குக் குடும்பங்களுக்கு உரியது, இரண்டு மின் மீட்டர்கள். எங்கள் பங்குக்கு ஒன்று, மற்ற மூன்று பங்காளிகளுக்குமாகச் சேர்த்து ஒன்று. பழைய மின்கம்பிகள் என் மாமனார் காலத்தவை. தேக்குப் பட்டையின்மேல் கிளிப் அடித்து ஓட்டிய வயர், உள்ளே ரப்பர் உறை, அதன்மேல் நூல் பின்னல். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஹோல்டரைக் கழற்றினால் ரப்பர் விரலில் பொடியாக உதிர்ந்தது. அடுப்படியைத் தவிர வேறெங்கும் எர்த் கம்பியே கிடையாது. அதற்கு முன் அவ்வப்போது வந்து போன ஒருவர், ப்யூஸ் அடிக்கடி போகிறது என்று நான் சொன்னபோதெல்லாம் ப்யூஸ் கம்பிக்குப் பதிலாக வயரின் செம்பு இழைகள் நான்கைந்தை முறுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் பிறகு ப்யூஸ் போகவே இல்லை என்று அவரைப் பாராட்டியவள் நான். முப்பது ஆண்டு பள்ளியில் பாடம் நடத்தியவளுக்கு, ப்யூஸ் போகாதிருப்பது நல்ல செய்தி அன்று என்பது அப்போது உறைக்கவில்லை.

கிரைண்டரைத் தொட்ட மருமகளுக்கு ஒரு நாள் கை உதறி விழுந்தது. அதன் பிறகே ஆள் தேடினேன். முதலில் வந்தவர் வாசலில் நின்றபடியே எத்தனை பாயின்ட் என்று கேட்டு, பாயின்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். இரண்டாமவர், சுவரை வெட்டி உள்ளே பைப் பதித்து, பன்னிரண்டு நாளில் புது வீடுபோல் ஆக்கித் தருவதாகச் சொன்னார். சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, அடுக்கடுக்காக இழைத்து, கண்ணாடிபோல் தேய்த்தெடுத்த பூச்சு அது. அதை ஒருமுறை கட்டர் வைத்து வெட்டிவிட்டால் சிமென்ட் கொண்டு அடைக்க முடியுமே தவிரப் பழைய பளபளப்பைத் திரும்பப் பெற முடியாது, சேர்ந்த இடத்தில் வெடிப்பும் விடும். இதை அவரிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவதாக வந்தவரிடம் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல கை வைக்க மாட்டேன் ஆச்சி. வேணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றார். மின் உரிம வாரியத்தின் வயர்மேன் தகுதிச் சான்றைக் காட்டச் சொன்னேன். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். சான்று இருப்பதாலேயே ஒருவர் நன்றாக வேலை செய்துவிடுவார் என்று நான் நம்பவில்லை. ஆனால் அதைக் கேட்டதற்குக் கோபப்படாதவரிடம் பிறகு வேறு கேள்விகளையும் கேட்க முடிகிறது.

அந்த ஐந்து நாளில் அவர் செய்தது, ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு பிளக்கும் எந்த ப்யூஸிலிருந்து வருகிறது என்று தேடி, நாற்பது பக்க நோட்டில் வரைந்ததுதான். கூடவே மெக்கர் என்னும் கருவியால் 500 வோல்ட் கொடுத்து ஒவ்வொரு லைனின் காப்புத் தடையையும், அதாவது வயரின் உறை மின்சாரத்தை எவ்வளவு தடுத்து நிறுத்துகிறது என்பதையும் அளந்தார். குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாம் கட்டு லைன் 0.2 காட்டியது. அதாவது, சுவிட்சை எல்லாம் அணைத்துவிட்டு நாம் படுத்த பிறகும் ஈரத்தின் வழியாக மின்சாரம் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டிருந்தது.

நான்காம் நாள் அவர் கண்டுபிடித்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பங்குள்ள பழைய வீடுகளில் இது வேறு இடங்களிலும் இருக்கக்கூடும். வளவின் தென்கிழக்கு மூலையில் ஒரு விளக்கு உண்டு. எங்கள் மெயினை அணைத்தால் அது அணைந்தது. பங்காளி வீட்டு மெயினை அணைத்தாலும் அது அணைந்தது. வெகு காலத்துக்கு முன் யாரோ ஒருவர், நீளமாக வயர் இழுக்கச் சோம்பி, மின்சாரம் வரும் கம்பியான பேஸை எங்கள் லைனிலிருந்தும், அது திரும்பும் கம்பியான நியூட்ரலைப் பக்கத்தில் போன பங்காளி லைனிலிருந்தும் எடுத்து அந்த விளக்குக்குக் கொடுத்திருக்கிறார். "உங்க வீட்டுக் கரண்டு அவுக வீட்டு வழியாத் திரும்புது ஆச்சி" என்றார் வயர்மேன். எங்கள் மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு எத்தனையோ ஆண்டாக எரிந்துகொண்டிருந்தது. மீட்டர் ஓடுவதற்கான அடையாளம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமாக இல்லை என்று அது சொல்லிக்கொண்டிருந்ததாம்.

விளக்கு எரியத்தானே செய்கிறது, இதில் என்ன கேடு என்று கேட்டேன். பங்காளி வீட்டில் மெயினை அணைத்துவிட்டு, கரண்டு இல்லை என்ற நம்பிக்கையில் ஒருவர் அந்த நியூட்ரல் கம்பியைக் கழற்றித் தொட்டால், எங்கள் விளக்கின் வழியாக வந்து நிற்கும் மின்சாரம் அவரைத் தாக்கும் என்று விளக்கினார். இன்னொன்றும் சொன்னார். ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக் காப்புக் கருவி, பேஸில் போவதையும் நியூட்ரலில் திரும்புவதையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் துண்டித்துவிடும். இந்த விளக்கை இப்படியே விட்டுவிட்டு அதைப் பொருத்தினால், விளக்கைப் போடும்போதெல்லாம் வீடு இருண்டுவிடும். பழைய வீட்டுக்கு டிரிப்பர் (இந்தக் கருவியைத்தான் அப்படிச் சொல்வார்கள்) ஒத்துவராது என்று நம் பக்கத்தில் பலர் சொல்வதற்கும், பொருத்திய கருவியைச் சில நாளில் நேர்க்கம்பி போட்டுத் தாண்டிவிடுவதற்கும் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கருவியில் குறை இல்லை. யாரும் தேடிப் பார்க்காத ஒரு நியூட்ரலில் இருக்கிறது.

எர்த் குழி வெட்டுவதிலும் அவர் அவசரப்படவில்லை. எங்கள் மண் செம்மண், ஐந்தடிக்குக் கீழே செம்புராங்கல். கோடையில் ஈரமே இராது. முகப்புத் திண்ணைக்குப் பக்கத்தில் போட்டால் மெயினுக்கு அருகாக இருக்கும் என்றேன். அவர் கிணற்றடியில் குளிக்கும் தண்ணீர் பாயும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, குழாய் இறக்கி, கரியும் உப்பும் இட்டு, அங்கிருந்து மெயின் போர்டு வரைக்கும் செம்புக் கம்பி இழுத்தார். கம்பிச் செலவு கூடியது. அளந்தபோது 5 ஓம் காட்டியது. அதற்காக நான் மகிழ்ந்தபோது அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்: 230 வோல்டை 5 ஓமால் வகுத்தால் 46 ஆம்பியர், அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி.யில், 16 ஆம்பியர் சி வகை உடனே விழ வேண்டுமானால் அதன் அளவைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 80 ஆம்பியருக்குக் குறையாமல் பாய வேண்டும். ஆகவே எர்த் நன்றாக இருந்தும் எம்.சி.பி. மட்டும் இருந்தால் கிரைண்டர் உடம்பில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கக்கூடும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். என் மகன் பொறியாளர். அவனிடம் தொலைபேசியில் கேட்டேன், கணக்கு சரிதான் என்றான்.

வயர் இழுத்த வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுவரை வெட்டாமல், மேலே உத்தரத்தை ஒட்டிய ஓரமாக, கேசிங் என்னும் மூடியுள்ள மரநிறப் பட்டைக்குள் வயரைக் கொண்டுபோனார். பழைய தேக்குப் பட்டைகளை எடுக்காமல் விட்டு, அவற்றின் மறைவில் முடிந்த இடமெல்லாம் புது வயரை ஓட்டினார். விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் வாட்டர் ஹீட்டருக்கும் 4. முப்பத்தெட்டு நாள் ஆயிற்று. பொருளை நானே அவர் எழுதிக் கொடுத்த பட்டியல்படி காரைக்குடியில் வாங்கினேன். கூலி நாள் கணக்கு. பாயின்ட் கணக்கில் கொடுத்திருந்தால் மலிவாக முடிந்திருக்கும் என்று உறவினர் ஒருவர் இன்றும் சொல்லிக்காட்டுவார். பாயின்டுக்குப் பணம் கொடுத்தால், பாயின்ட் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையை யார் செய்வார்?

அதே ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தது. மின்சாரம் திரும்பி வந்த மாலையில் எங்கள் தெருவுக்கு வரும் நியூட்ரல் எங்கோ அறுந்திருந்ததால், சில வீடுகளில் வோல்டேஜ் எகிறி டி.வி.யும் மிக்சியும் கருகின. எங்கள் மெயினில், வோல்டேஜ் கூடினால் துண்டிக்கும் கருவி ஒன்றை, நான் வேண்டாம் என்று சொல்லியும், வாதாடிப் பொருத்தியிருந்தார். அது துண்டித்துக்கொண்டது. மறுநாள் வரையில் இருட்டில் இருந்தோம். ஒரு பொருளும் போகவில்லை.

அவர் செய்த பிழை ஒன்று உண்டு. வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. வைத்திருந்தார். 2021இல் நான் சென்னையில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, மழையில் வாசல் விளக்குக்குள் தண்ணீர் இறங்கி, கருவி விழுந்து, பூட்டிய வீட்டில் பிரிட்ஜும் சேர்ந்து நின்றுவிட்டது. நான் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வந்த வாடையை இங்கே விவரிக்க விரும்பவில்லை. இன்வெர்ட்டர் பேட்டரியும் முழுவதும் இறங்கிப் பாழாயிற்று. அவர் வந்து பார்த்துவிட்டு, "இது எம்மேல தப்புதான். ரெண்டாப் பிரிச்சுப் போட்டிருக்கணும்" என்றார். பிரிட்ஜுக்கும் வெளி விளக்குகளுக்கும் தனித்தனிக் கருவி பொருத்தினார். பொருளுக்கு மட்டும் பணம் பெற்றுக்கொண்டார், கூலி வாங்கவில்லை. பேட்டரிக்கான இழப்பு என்னுடையதாகவே போயிற்று. பிரித்துப் பொருத்தும்போது இன்வெர்ட்டரின் நியூட்ரல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்ததால் முதல் இரண்டு நாள் காரணமின்றி விழுந்துகொண்டிருந்தது. அதையும் பிரித்த பிறகே நின்றது.

இளைய மகன் கல்யாணம் 2022இல் நடந்தது. சீரியல் விளக்கு போட வந்தவர்களின் வயர் போட்டவுடனே கருவி விழுந்தது. கருவியைத் தாண்டி மெயினிலிருந்தே நேராகக் கொடுத்துவிடலாம், ஒரு ராத்திரிதானே என்றார்கள். விருந்தாளி வீடு நிறைந்திருக்கும் வேளையில் நானும் சரி என்றிருப்பேன். வயர்மேன் கல்யாணத்துக்கு வந்தவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வயரை வாசல் முழுக்கப் பின்தொடர்ந்து போனார். டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட், வாசல் தெளித்த தண்ணீர் தேங்கிய கோலத்தின் ஓரத்தில் கிடந்தது. பிள்ளைகள் அந்த இடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முகூர்த்த மாதங்களில் அவரைப் பிடிக்க முடியாது. தொலைபேசியை எடுக்க மாட்டார், இரண்டு நாள் கழித்து ஒன்றும் நடவாததுபோல் வந்து நிற்பார். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுதித் தரச் சொன்னால் தரவே மாட்டார். முதலில் வாய்மொழியாகச் சொன்னதைவிட முடிவில் கால் பங்கு கூடிற்று. வேலை முடிந்த இடத்தைப் பெருக்குவது தம் வேலை அன்று என்று உறுதியாக நம்புகிறார். ஆத்தங்குடித் தரைக்கல்லின்மேல் ஏணியை வைத்து இழுத்து உண்டாக்கிய கீறல் ஒன்று வளவில் இன்னும் இருக்கிறது.

பராமரிப்பு இப்போது சிறு அளவில்தான். ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் காலையில் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை நானே அழுத்திப் பார்க்கிறேன். விழ வேண்டும், விழுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்பாக, அவர் வந்து மெக்கர் வைத்து அளந்து அதே நோட்டில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணை எழுதுகிறார். சென்ற ஆண்டு மாடி லைன் மட்டும் சட்டென்று இறங்கியிருந்தது. திறந்து பார்த்தால், நாங்கள் அதிகம் புழங்காத அறையின் சுவிட்ச் பெட்டிக்குள் குளவி மண்கூடு கட்டி, அது ஈரம் பிடித்திருந்தது. சுத்தம் செய்ததும் ஏறிவிட்டது. அளவு எழுதி வைத்திராவிட்டால் அந்த அறையைத் திறந்தே பார்த்திருக்க மாட்டோம்.

பங்காளி வீட்டுப் பக்கம் மட்டும் இன்னும் பழைய வயரிலேயே இருக்கிறது. வருகிற மாசியில் அவர்கள் வீட்டில் ஒரு விசேஷம். விளக்குப் போட அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலில் ஐந்து நாள் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கூலி எதற்கு என்று பெரியவர் என்னிடம் கேட்டார். நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.