ராஸ்பெரி பை விளக்குகள்: உடனடிக் கட்டளையா, கான்ஃபிக் கோப்பா?

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் போர்டின் பச்சை விளக்கு (வேலை நடப்பதைக் காட்டுவது) எரியும் விதத்தை மாற்ற இரண்டு வழிகள். போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ரூட் (நிர்வாகி) உரிமையோடு, விளக்கு எப்போது எரியவேண்டும் என்று சொல்லும் ட்ரிகர் கோப்பில் ‘ஹார்ட்பீட்’ என்று எழுதினால் உடனே துடிக்கும்; ரீபூட் ஆனால் போச்சு. பூட் பகுதியிலுள்ள கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் இதற்கான ‘டிடிபாரம்’ (dtparam) வரி சேர்த்தால் நிலைக்கும், ஆனால் பலனைப் பார்க்கவே ரீபூட் வேண்டும். பரிசோதனைக்கு முதலாவது, முடிவுசெய்த பிறகு இரண்டாவது.

மின்சாரம் வருவதைக் காட்டும் சிவப்பு விளக்குதான் வில்லங்கம். பை 4-இல் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது அணையும். ராத்திரி கண்ணைக் கூசுகிறதே என்று எந்த வழியில் அணைத்து வைத்தாலும் அந்த எச்சரிக்கை காலி. அப்புறம் ‘விசிஜென்கமாண்ட் கெட் த்ராட்டில்ட்’ (vcgencmd get_throttled) கட்டளைதான் கதி. பூட் ஆனபின் ஒருமுறை மின்னழுத்தம் சரிந்து மீண்டிருந்தால்கூட அது காட்டிக்கொடுத்துவிடும். விளக்குக்கு அந்த ஞாபகம் கிடையாது.