சுவிஃப்ட் ஸ்போர்ட்டா, இம்பிரெசா டர்போவா: வன்னியில் ஒரு பெடியனின் வருமானத்துக்கு எது தாங்கும்?

கிளிநொச்சியில் என் வயதுப் பெடியன்கள் கூடினால், எங்கே தொடங்கினாலும் கதை கார் விலையில் வந்து நிற்கிறது. முன்பெல்லாம் நல்ல மோட்டார் சைக்கிளோடு முடிந்த ஆசை இப்போது காருக்கு வந்துவிட்டது, அதிலும் வேகமான காருக்கு. வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் முற்பணம் தருகிறாராம், மிச்சத்துக்கு லீசிங் கடன் போடலாமாம், சுபாரு இம்பிரெசா எடுக்கட்டா, சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட் எடுக்கட்டா, இல்லாவிட்டால் ஹொண்டா சிவிக் டர்போவா என்று கேட்கிறார்கள். நான் எடுத்தது 2007ஆம் ஆண்டு சுவிஃப்ட் ஸ்போர்ட், மனுவல் கியர். எடுக்கும் முன் மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன், கராஜ்களில் விசாரித்தேன். ஆகவே நடுநிலையாக எழுதப்போகிறேன் என்று சொல்ல மாட்டேன். என் கை சுவிஃப்ட் பக்கம்தான் சாயும்.

ஏன் எல்லோரும் பழைய வண்டிகளையே தேடுகிறோம் என்பது தெரிந்த கதை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்தாலும் வரியைக் கட்டி புதுசு எடுக்கிற நிலையில் நாங்கள் இல்லை. பதினைந்து இருபது வருடப் பழைய ஸ்போர்ட் மாடல்களை இனி யாரும் வெளியிலிருந்து கொண்டுவரவும் முடியாது. நாட்டுக்குள் ஏற்கெனவே ஓடுகிறவைதான் கை மாறிக்கொண்டிருக்கின்றன. எனவே விலை பெரிதாக இறங்கும் என்று காத்திருப்பதில் பலன் குறைவு. இன்னொன்று, நீங்கள் எந்த வேகமான காரை வாங்கினாலும் உங்களுக்கு முன்னால் ஒருவராவது அதை நன்றாக அடித்து ஓட்டியிருப்பார்.

ஓட்டத்தில் எது பெரியது என்பதில் விவாதமே இல்லை. இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸ், அதாவது 2000க்குப் பிறகு வந்த, ஜிடிஏ என்ற குறியீடுள்ள உடல், இரண்டு லீற்றர் டர்போ, ஜப்பான் கணக்கில் 250 குதிரைவலு, நாலு சில்லும் இழுக்கும். நின்ற நிலையிலிருந்து நூறைத் தொட அண்ணளவாக ஆறு விநாடி. சுவிஃப்ட் ஸ்போர்ட்டில் 1.6 லீற்றர் எம்16ஏ எஞ்சின், டர்போ இல்லை, 125 குதிரைவலு, நூறைத் தொட ஒன்பது விநாடிக்குச் சற்றுக் குறைவு. டபிள்யூஆர்எக்ஸை மிதிக்கும்போது முதுகு இருக்கையோடு ஒட்டுகிற அந்த இழுவை சுவிஃப்டில் கிடைக்கவே கிடைக்காது. அதை ஒருமுறை அனுபவித்தவனுக்கு மனம் அங்கேயே நிற்கும் என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் அந்த 250ஐ எங்கே கொண்டுபோய் ஓட்டுவது? எங்களுக்கு அதிவேக நெடுஞ்சாலை கிடையாது. யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் வேக எல்லை ஊர்மனைக்குள் 50, வெளியே 70. புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி என்று ஊர் ஊராக வேகத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். இரவில் மாடுகள் தார் சூட்டுக்காக ரோட்டிலேயே படுத்திருக்கும், அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காய்கிறது. முறையாக ஓடிப்பார்க்கிற ஆசை இருந்தால் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த பந்தயத் தடத்துக்குத்தான் போக வேண்டும். சுவிஃப்டில் சந்தோஷம் வேறு மாதிரி. எஞ்சினை ஏழாயிரம் சுற்றுக்குக் கிட்டக் கொண்டுபோய் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போடும்போதும் நீங்கள் சட்டத்தை விட்டு அதிகம் விலகியிருக்க மாட்டீர்கள். ஒரு டொன்னைக் கொஞ்சம் தாண்டிய எடைதான், ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே திரும்பும். பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு ரோட்டுக்குத் திரும்புகிற அந்த ஒரு வளைவே எனக்குப் போதும்.

சரி, இனி காசுக் கதை. விலையை நான் பெரிதாக எடுக்கவில்லை, ஏனென்றால் எப்படியாவது கடனோ சீட்டோ பிடித்து வாங்கிவிடுவோம். வாங்கிய பிறகு அது பழுதானால் அதைத் திருத்தத் தெரிந்த கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அந்தச் சாமான் எங்கேயிருந்து வர வேண்டும் என்பதுதான் வன்னியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கொழும்பில் இருப்பவர் எழுதுகிற ஒப்பீடுகளில் இந்த விஷயம் ஒரு வரியோடு போய்விடும், எங்களுக்கு அதுதான் முழுக் கணக்கு.

எங்கள் கராஜ்களைக் குறைத்துச் சொல்லவில்லை. உழவு இயந்திரத்தை வயலுக்குள் வைத்தே பிரித்துப் பூட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஹயஸ், அக்சியோ, அல்டோ, வேகன் ஆர் எதைக் கொண்டுபோனாலும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்வார்கள். சுவிஃப்ட் ஸ்போர்ட் அந்தக் குடும்பத்துக்குள்தான் வருகிறது. நாலு சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிற சாதாரண எஞ்சின், பிளக் மேலேயே இருக்கிறது, வால்வுகளை நேரத்துக்கு இயக்குவது டைமிங் செயின். ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் அந்தச் செயினை இத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் விடுகிற கராஜ்காரர் அதுவரை ஸ்போர்ட் மாடலைத் தொட்டதில்லை. போனட்டைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “இது சுசுகிதானே தம்பி, விடு பாப்பம்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இந்த வண்டியை எடுக்கலாம்.

டபிள்யூஆர்எக்ஸின் ஈஜே20 எஞ்சின் வேறு பிறவி. சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும், பிளக் எஞ்சினின் விலாப்பக்கத்தில். ஒரு பக்கம் பற்றரியைக் கழற்ற வேண்டும், மறுபக்கம் காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்ற வேண்டும், அதற்குப் பிறகும் கை நுழைய இடம் தேட வேண்டும். பழக்கமில்லாத ஒருவரிடம் விட்டால் பிளக் மாற்றுவதே அரை நாள் வேலை. ஹெட் வேலை என்று வந்தால் அநேகமாக எஞ்சினையே வெளியே எடுத்துத்தான் செய்வார்கள்.

செயினுக்குப் பதில் அதில் இருக்கிற டைமிங் பெல்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதை ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். நாங்கள் வாங்குகிற வயதுடைய வண்டிகளில் மீற்றர் காட்டுகிற எண்ணை யாரும் நம்புவதில்லை, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பற்றுச்சீட்டும் கிடைக்காது. எனவே வாங்கிய கிழமையே பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர், தண்ணீர்ப் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றியே ஆக வேண்டும், அதுவும் சுபாரு தெரிந்த ஒருவரிடம். அப்படி ஒருவரை நான் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தேடினேன். கடைசியில் எல்லோரும் காட்டிய திசை கொழும்புதான். பழுதான காரை இங்கேயிருந்து கொழும்புக்கு ஏற்றி அனுப்புகிற கூலியை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள், உங்கள் மாத லீசிங் கட்டணம் அதற்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரியும்.

சாமானும் அதே மாதிரி. இங்கே எல்லோரும் செய்வது கொழும்பு பஞ்சிகாவத்தையிலுள்ள வாகனச் சாமான் கடைக்குப் போனில் சொல்லி, காசைப் போட்டு, இரவு பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லி, விடியற்காலையில் ஏ9 ஓரத்தில் நின்று பார்சலை வாங்குவது. சுவிஃப்டின் பிரேக் பட், வடிகட்டி, பிளக், புஷ் எல்லாம் எனக்கு இப்படித்தான் வருகின்றன, மாறி வந்தாலும் அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பலாம். ஸ்போர்ட்டுக்கு மட்டுமே உரிய சாமான்களும் இருக்கின்றன. முன் பம்பர், இருக்கை, சைலன்சர் போன்றவை உடைந்தால் அவற்றுக்கும் அலைய வேண்டும்தான். ஆனால் அவை உடைந்தாலும் கார் ஓடும். டபிள்யூஆர்எக்ஸில் டர்போவோ கிளட்சோ போனால் கார் நிற்கும், சாமான் கிடைத்தாலும் பெரும்பாலும் கழற்றிய பழசாகத்தான் கிடைக்கும், அது எத்தனை நாள் தாங்கும் என்று விற்கிறவருக்கே தெரியாது.

ரயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு சில்லும் இழுக்கிற வண்டியில் நாலு ரயரும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதுசானால் சுற்றளவு மாறி, முன், பின் சில்லுகளுக்கு இழுவையைப் பங்கிடுகிற நடு டிஃபரன்ஷியலுக்குக் கேடு. ஏ9ஐ விட்டு இறங்கினால் கிரவல் ரோட்டும் மதகு விளிம்பும்தான் எங்கள் வாழ்க்கை, ஒரு ரயரின் பக்கச்சுவர் கிழிவது பெரிய அதிசயம் இல்லை. சுவிஃப்டில் கிழிந்தால் 195/50, 16 அங்குலத்தில் ஒன்று, மனமிருந்தால் சோடியாக இரண்டு வாங்கினால் போதும். டபிள்யூஆர்எக்ஸில் பிற்கால மாடல்களுக்குரிய 215/45, 17 அங்குலத்தில் நாலையும் மாற்ற வேண்டி வரலாம். தூசியும் அப்படித்தான். சிறுபோக காலத்துச் செம்மண் புழுதியில் காற்று வடிகட்டி புத்தகத்தில் சொன்ன காலத்துக்கு வராது, டர்போ வண்டிக்கு அதில் அலட்சியம் ஆகவே ஆகாது.

பெற்றோலை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் ஒக்ரேன் 95தான் சரி, சுவிஃப்ட் ஸ்போர்ட்டையும் ஜப்பானில் உயர் ஒக்ரேனுக்கே செய்தார்கள். எனக்கு லீற்றருக்கு பன்னிரண்டு கிலோமீற்றர் அளவில் கிடைக்கிறது. டபிள்யூஆர்எக்ஸ் வைத்திருப்பவர்கள் ஏழு, எட்டு என்கிறார்கள். மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடினால் வித்தியாசம் ஐம்பது லீற்றர் அளவில் வரும். லீற்றர் 300 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் அது மாதம் பதினையாயிரம். 2022 ஜூனில் 95 லீற்றர் 550 ரூபாய்க்குப் போனதையும், பிறகு கியூஆர் அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் கொடுத்ததையும் மறக்க வேண்டாம். அந்த 20 லீற்றரில் ஒன்று கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்பி இன்னும் ஓடும், மற்றது போய்த் திரும்பியதோடு சரி.

லீசிங் பற்றி ஒரு விஷயம், இது வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு. லீசிங் மாதா மாதம் கேட்கும், காலபோக வெட்டுக் காசு மாசி பங்குனியில்தான் வரும். சிறுபோகம் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நின்றால்தான், அதுவும் எல்லோருக்கும் இல்லை. வயல் வருமானத்தை நம்பி வேகமான காருக்கு மாதக் கட்டணம் போட வேண்டாம். மாதச் சம்பளம் இருப்பவருக்கும் என் அளவுகோல் இதுதான்: முற்பணம் கட்டிய பிறகும் சுவிஃப்ட் என்றால் காரின் விலையில் பத்திலொரு பங்கு, டபிள்யூஆர்எக்ஸ் என்றால் நாலிலொரு பங்கு கையில் தொடாமல் இருக்க வேண்டும். இரண்டாவது தொகையைக் கையில் வைத்திருக்கிற இருபத்தைந்து வயதுப் பெடியனை இங்கே நான் இன்னும் காணவில்லை.

சிவிக் டர்போவையும் கேட்கிறார்கள். வரிக்காக ஆயிரம் சிசிக்குக் கீழே எடுத்து இங்கே நிறைய வந்த அந்த 1.0 லீற்றர், மூன்று சிலிண்டர், 129 குதிரைவலு. அதை நான் கொஞ்சத் தூரம்தான் ஓட்டினேன், ஆகவே அழுத்திச் சொல்ல மாட்டேன். ஏ9இல் நீண்ட தூரத்துக்கு மூன்றிலும் அதுதான் சொகுசு, குடும்பத்தோடு மடு மாதா கோயிலுக்குப் போய்வர அதைவிட நல்லது இல்லை. ஆனால் நான் ஓட்டியது தானாக மாறுகிற சிவிடி கியர், கைக்கு வேலையே இல்லை. விலை சுவிஃப்டை விட எங்கேயோ நிற்கிறது, அதன் டைமிங் பெல்ட் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிற வகை. தவறான ஒயிலை ஊற்றினால் பெல்ட் கெடும், அதன் துகள் ஒயில் போகிற வழியை அடைக்கும். ஒயில் மாற்றிய சரித்திரம் தெரியாத வண்டியை நான் எடுக்க மாட்டேன்.

விற்கும்போது சுவிஃப்டுக்கு வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ ஆள் கிடைக்கும். டபிள்யூஆர்எக்ஸுக்கு நல்ல விலை தருகிறவர் தெற்கில் எங்கோ இருப்பார், அவர் இங்கே வந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

எதை எடுத்தாலும் முற்பணம் கொடுக்கும் முன் சட்டக (சேசிஸ்) இலக்கத்தைப் பாருங்கள். சுவிஃப்ட் ஸ்போர்ட் என்றால் இசட்சி31எஸ் என்று தொடங்க வேண்டும். இசட்சி11எஸ் 1.3, இசட்சி21எஸ் 1.5 லீற்றர் சாதாரண சுவிஃப்ட். அவற்றுக்கு ஸ்போர்ட் பம்பரும் இறக்கையும் பூட்டி அதே விலை கேட்கிறார்கள். இம்பிரெசாவில் ஜிடிஏ என்றால் டபிள்யூஆர்எக்ஸ், ஜிடிபி என்றால் அதைவிட வேகமான எஸ்டிஐ, ஜிடி2, ஜிடி3 என்றால் 1.5 லீற்றர் வண்டி. அதற்குள் டர்போ எஞ்சின் உட்கார்ந்திருந்தால், அது பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா, எஞ்சின் இலக்கம் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். பிறகு வண்டியைக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பாருங்கள், விற்கிறவர் முன்கூட்டியே ஸ்ராட் பண்ணி வைக்க விடாதீர்கள். சுவிஃப்டில் முதல் சில விநாடிக்குச் செயின் பக்கம் கடகடவென்று கேட்டு அது நிற்காமல் தொடர்ந்தால் வேறு வண்டி தேடுங்கள்.