389 வெள்ளி போச்சு! "தானா கோப்பி போடும்" மெஷின் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

சுங்கை சிப்புட் வட்டாரத்துல இருக்கறவங்க, தோட்டத்துல இருந்து பட்டணத்துக்கு வந்து மின்சாமான் வாங்கறவங்க, கொஞ்சம் நில்லுங்க. ராத்திரி தூளும் தண்ணியும் போட்டு நேரத்தை வெச்சுட்டுப் படுத்தா விடியக்காலையில தானா கோப்பி இறக்கி வைக்கும் மெஷின் ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்தது. விலை 389 வெள்ளி (ரிங்கிட்). இப்போ அது மேசை மேல செத்துக் கிடக்குது. கடைக்காரர் போனை எடுக்கறதில்ல, வாட்ஸ்அப்புல ரெண்டு நீலக்கோடு விழுது, பதில் இல்ல.

கடைப் பேரைப் போடல. ரைஸ் குக்கர், காற்றாடி, டிவியோட "வெளிநாட்டு ஸ்டாக்"கும் விற்கிற வகைக் கடை. அந்த மாதிரி கடை எந்தப் பட்டணத்துலயும் இருக்கு.

இந்த மெஷினை முறையா எப்படி செட் பண்றதுன்னு முழுசா எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற ஆத்திரத்துல எவ்வளவு வரும்னு தெரியல, பார்ப்போம்.

அண்ணிக்கு ஃபேக்டரி பஸ் விடியக்காலை 5:15க்கு. 4:30க்கு கோப்பி தயாரா இருக்கணும், இதுதான் தேவை. கடையிலயும் அதையேதான் சொல்லியிருக்காங்க: "தம்பி, நாலரைக்குத் தானா போடணும், அதுக்குத்தான் வாங்கறேன்." இந்த வாக்கியத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

அவங்க நம்பின இடம் எதுன்னா, கவுண்டர்ல காட்டின டெமோ. கடைக்காரர் டேங்க்ல தண்ணி ஊத்தினார், தூள் போட்டார், மெஷினோட மணியைத் தன் கைக்கடிகாரத்தோட ஒத்து வெச்சார், ரெண்டு நிமிஷம் தள்ளி நேரம் குறிச்சு "ஆட்டோ" பொத்தானை அழுத்தினார். நீல விளக்கு எரிஞ்சது. கையைக் கட்டிக்கிட்டு நின்னார். மெஷின் தானா களகளன்னு சத்தம் போட்டு கோப்பியை இறக்குச்சு. "பாத்தீங்களா அக்கா, தொடவே இல்ல. நம்ம ஆளுங்ககிட்ட நான் ஏமாத்துவேனா?" ரசீதுக்குப் பின்னால பேனாவால "1 வருஷம் வாரண்டி"ன்னு எழுதிக் கொடுத்தார். முத்திரை இல்ல, கையெழுத்து இல்ல. யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

அந்த ரெண்டு நிமிஷ டெமோவுலதான் மொத்த சூழ்ச்சியும் இருக்கு. விளக்கறேன்.

மெஷினைத் தலைகீழாத் திருப்பினா அடியில ஒரு தகடு: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 900 வாட். அமெரிக்க மின்சாரத்துக்குச் செஞ்சது. நம்ம மலேசியாவுல 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பெட்டியில அந்த எண் அச்சடிச்ச இடத்து மேல "240V"ன்னு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. நகத்தால சுரண்டினா அடியில 120 பல்லிளிக்குது. "கன்வெர்ட்டர் ஃப்ரீ"ன்னு ஒரு சின்ன இரும்பு டப்பாவையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருக்கார்.

அந்த டப்பா வோல்ட்டைத்தான் குறைக்கும். ஹெர்ட்ஸை, அதாவது கரண்ட் விநாடிக்கு எத்தனை அலையா வருதுங்கற கணக்கை, ஒண்ணும் செய்யாது. இந்த மாதிரி மெஷின் பலதுல கடிகாரம் கரண்டோட அலையை எண்ணித்தான் ஓடுது. 60 அலை வந்தா ஒரு விநாடின்னு கணக்கு. நம்ம லைன்ல விநாடிக்கு 50தான் வருது. அதனால மெஷினோட ஒரு மணி நேரம் நமக்கு 72 நிமிஷம். ராத்திரி 9:30க்கு மணியைச் சரியா வெச்சு, 4:30க்கு கோப்பி குறிச்சா, இடையில ஏழு மணி நேரம். ஏழு தரம் 72ன்னா 504 நிமிஷம். கோப்பி இறங்க ஆரம்பிக்கிறது 5:54க்கு. பஸ் போய் 39 நிமிஷம் ஆகியிருக்கும்.

கவுண்டர் டெமோவுல? ரெண்டு நிமிஷத்துக்கு வெறும் 24 விநாடிதான் பிந்தும். எந்த வாடிக்கையாளரும் கண்டுபிடிக்க முடியாது.

இனி சாக்குகளைப் பாருங்க. 389 வெள்ளியை வாங்கறப்போ "அக்கா அக்கா"ன்னு வந்த வாயி.

முதல் சாக்கு, "ஏஎம் பிஎம் மாத்தி வெச்சிருப்பீங்க." சரி, முறையா வைக்கிறது எப்படின்னு இங்கேயே எழுதிடறேன், யாருக்காவது ஆகும். முதல்ல மணி: கடிகாரப் பொத்தானை எண் மினுக்கற வரைக்கும் அழுத்திப் பிடிக்கணும், மணி, அப்புறம் நிமிஷம். திரை மூலையில ஏஎம், பிஎம் புள்ளி எங்க நிக்குதுன்னு பார்க்கணும். ராத்திரி செட் பண்றப்போ பிஎம் இருக்கணும். அடுத்து, கோப்பி நேரத்தைத் தனியா வைக்கணும், அதுக்கு ஏஎம். கடைசியா "ஆட்டோ" பொத்தானை அழுத்தி விளக்கு எரியறதைப் பார்த்துட்டுத்தான் படுக்கணும். நிறையப் பேர் கோட்டை விடறது இங்கதான். நேரம் குறிச்சா போதும்னு நினைச்சுடறாங்க. விளக்கு எரியலன்னா மெஷின் காலையில கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். எங்க வீட்டுல மூணும் சரியாத்தான் இருந்தது. ஏஎம் பிஎம் மாறியிருந்தா கோப்பி சாயங்காலம்தான் வந்திருக்கும், 5:54க்கு வராது.

ரெண்டாவது சாக்கு, "சுவத்து சுவிட்சை அடைச்சிருப்பீங்க." இது நம்ம ஊர்ப் பழக்கம்தான், படுக்கப் போறப்போ எல்லா சுவிட்சையும் அடைக்கறது. அடைச்சா கடிகாரம் அழிஞ்சுடும். சாயங்கால இடி மழையில மெயின் ட்ரிப் ஆனாலும் அதே கதை, ஏன்னா பெரும்பாலான மாடல்ல உள்ளே பேட்டரி கிடையாது. அப்படி ஆனா கரண்ட் வந்ததும் திரையில 12:00 மினுக்கும். எங்க திரையில 12:00 மினுக்கல. மணி ஒழுங்கா ஓடிக்கிட்டுத்தான் இருந்தது, பிந்தி ஓடுச்சு.

மூணாவது, "தோட்டத்து கரண்ட் வீக்கு." அடப்பாவி! வோல்ட் குறைஞ்சா தண்ணி சுட நேரமாகும், கடிகாரம் பிந்தாது. லயத்துலயும் 50 ஹெர்ட்ஸ்தான், கோலாலம்பூர் கோபுரத்துலயும் 50 ஹெர்ட்ஸ்தான்.

நாலாவது, "உள்ளூர் கோப்பித்தூள் போட்டீங்களா? அப்போ வாரண்டி இல்ல." இதுல மட்டும் அரை உண்மை இருக்கு. நம்ம கடைத்தூள் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுத்தது, கருப்பா, பிசுபிசுன்னு இருக்கும், துணிப்பையில வடிக்கறதுக்கு ஏத்தது. இந்த மாதிரி சொட்டுச் சொட்டா இறக்கற மெஷின்ல அதை வாரிப் போட்டா கூடையில தண்ணி வடியாம தேங்கி, விளிம்பு வழியா தூளோட வழியும். கூடைக்கு அடியில ஒரு சின்ன வால்வு இருக்கு, ஜக்கை உள்ளே தள்ளினாத்தான் அது திறக்கும். அதுல தூள் மாட்டிக்கிட்டாலும், ஜக்கு ஒரு விரல் அளவு வெளிய இருந்தாலும், சூட்டுத்தட்டு பூரா வெள்ளம். அதனால உள்ளூர்த்தூள்தான் வேணும்னா கொரகொரப்பா அரைச்சது வாங்குங்க, கம்பி வலையை விட்டுட்டு காகித வடிகட்டி போடுங்க, கூடையில பாதிக்கு மேல ஏத்தாதீங்க. சீனி போடாம வறுத்த தூள்னா லிட்டருக்கு 60 கிராம் கணக்கு. ஜக்குல 4ன்னு இருக்கிற கோடு நம்ம வீட்டுக் குவளையில நாலு இல்ல, ஏறக்குறைய 600 மில்லிதான், அதுக்கு 36 கிராம் போதும். கோப்பி இறங்கினதும் அரை மணி நேரத்துக்குள்ள குடிச்சிடணும், சூட்டுத்தட்டுல கிடந்தா கசந்து போகும். டேங்க்ல பால் ஊத்தவே கூடாது.

இதெல்லாம் சரி. ஆனா எந்தத் தூள் போட்டா கடிகாரம் மணிக்குப் பத்து நிமிஷம் பிந்தும்? சொல்லட்டும் அவர்.

அஞ்சாவது பதில்தான் ரத்தத்தைக் கொதிக்க வெச்சது. நேர்ல போய்க் கேட்டப்போ, யோசிக்காம, ஒரு விநாடிகூட யோசிக்காம சொல்றார்: "பாஸ், அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. நாலரைக்கு வேணும்னா 3:20ன்னு வைங்க. ராத்திரி ராத்திரி மணியை மட்டும் புதுசா வெச்சுடுங்க."

3:20! கணக்குப் போட்டுப் பாருங்க. 9:30ல இருந்து 4:30 வரைக்கும் ஏழு மணி நேரத்துல அந்த மெஷின் அஞ்சு மணி ஐம்பது நிமிஷம்தான் ஓடும். 9:30ஓட அதைக் கூட்டினா 3:20. மணி பிந்தும்னு தெரியாத ஆளுக்கு இந்த எண் வாயில வருமா? எத்தனை பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தா இப்படி மனப்பாடமா வரும்? ஏஎம் பிஎம், சுவிட்சு, தோட்டத்து கரண்ட், கோப்பித்தூள்னு அலைய விட்டதெல்லாம் தெரிஞ்சே விட்டது.

அன்னைக்குத்தான் இன்னொண்ணும் கண்ணுல பட்டது. கவுண்டருக்குப் பின்னால, காலடியில, கைப்பிடி வெச்ச பெரிய டிரான்ஸ்ஃபார்மர். அதுல இருந்து வயர் மேல ஏறி டெமோ மெஷினுக்குப் போகுது. நமக்குக் கொடுத்தனுப்பின டப்பாவுலயும் "1000 வாட்"னு ஸ்டிக்கர் இருக்கு, ஆனா ஒத்தைக் கையில விரலால தூக்கிடலாம். உண்மையான 1000 வாட் டப்பாவுக்குள்ள இருக்கிற இரும்பும் செம்பும் கையைக் கீழே இழுக்கும். அதுவும் 900 வாட் சுடற சாமானுக்கு 1000 போதாது, 1500 வாட் இருந்தாத்தான் சூடேறாம தாங்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டா, "கம்பெனிக்கு அனுப்பணும், செக் பண்ண 45 வெள்ளி கட்டுங்க." 389 வெள்ளிக்கு மேல 45 வெள்ளி! எந்தக் கம்பெனின்னு கேட்டா பதில் இல்ல. அடுத்த தடவை "முதலாளி ஈப்போ போயிட்டார்." அதுக்கடுத்து போனே எடுக்கல.

இதுக்கு நடுவுல டப்பா தன் வேலையைக் காட்டிடுச்சு. பாதி ஜக்கு இறங்கறப்போ வார்னிஷ் கருகற வாடை, அப்புறம் மெஷின்ல புகை. இந்த மலிவு டப்பாவுல ஒரே கம்பிச் சுருள்தான், அதை நடுவுல பிரிச்சு 120 எடுக்கறாங்க, உள்ளே வர்ற 240ஐயும் வெளிய போற 120ஐயும் பிரிக்கற தனிச் சுருள் கிடையாது. சுருள் மேல இருக்கிற வார்னிஷ் காப்பு கருகி, கம்பியோட கம்பி ஒட்டிக்கிட்டா 240 வோல்ட் அப்படியே மெஷினுக்குள்ள போகலாம். வோல்ட் ரெட்டிப்பானா சூடு நாலு மடங்கு: 900 வாட் சுருள் 3600 வாட் இழுக்கும், அதாவது 15 ஆம்பியர். பிளக்குல இருக்கிற 13 ஆம்பியர் ஃபியூஸ் அதுக்கு உடனே போகாது. அடித்தட்டைக் கழட்டிப் பார்த்தேன். சூடு மிஞ்சினா கரண்டை அறுக்கற சூட்டு ஃபியூஸ் அறுந்து போச்சு, சர்க்யூட் போர்டுல ஒரு மூலை கருகி ஓட்டையாயிருக்கு. சூட்டு ஃபியூஸ் இருந்ததால அதோட நின்னுது. இத்தனைக்கும் இது எல்லாரும் தூங்கற நேரத்துல தானா எரியறதுக்குன்னே விற்கிற சாமான்.

எரிஞ்ச படத்தை அனுப்பினதுக்கு வந்த கடைசிப் பதில்: "எரிஞ்ச பொருள் ரிட்டர்ன் இல்ல. கடையில மாட்டியிருக்கிற போர்டைப் பாக்கலையா?" 389 வெள்ளிக்கு அவ்வளவுதான் மரியாதை.

விரிவா எழுத நினைச்ச அறிவுரையெல்லாம் இப்போ வரல. சுருக்கமாச் சொல்லிடறேன்.

பெட்டியை நம்பாதீங்க, மெஷின் அடியில இருக்கிற தகட்டைக் கடையிலயே திருப்பிப் பாருங்க. 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ரெண்டும் இருக்கணும். 50/60ன்னு இருந்தாலும் சரி. வெறும் 60ன்னா கீழே வெச்சுட்டு வெளிய வாங்க. பிளக் நம்ம மூணு கால் பிளக்கா, சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. "கன்வெர்ட்டர் ஃப்ரீ"ன்னு யார் சொன்னாலும் ஃப்ரீயா தீயைக் கொடுக்கறாங்கன்னு அர்த்தம். டெமோ காட்டினா, உங்க பெட்டியில இருக்கிற மெஷினையே, உங்களுக்குத் தர்ற வயரோடயே, அரை மணி நேரம் தள்ளி வெச்சுக் காட்டச் சொல்லுங்க. 60 ஹெர்ட்ஸ் கடிகாரம் அரை மணியில ஆறு நிமிஷம் பிந்தி மாட்டிக்கும். வாரண்டியை முத்திரையோட வாங்குங்க.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ங்கற போர்டுக்குப் பயந்துடாதீங்க. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல, எதுக்காக வாங்கறோம்னு சொல்லி வாங்கின பொருள் அந்த வேலைக்கு உதவணும்னு இருக்கு, அந்த உரிமையைக் கடைப் போர்டால அழிக்க முடியாது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துல மனு கொடுக்க 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், மூணு வருஷத்துக்குள்ள போடணும். ரசீது, ஸ்டிக்கரைச் சுரண்டின பெட்டி, அடித்தகடு, வாட்ஸ்அப் எல்லாத்தையும் படம் பிடிச்சு வெச்சாச்சு. 389 வெள்ளிக்கும் மனு போகுது.

ஏற்கெனவே இந்த மாதிரி மெஷினை அந்தச் சின்ன டப்பாவோட வாங்கி வெச்சிருக்கறவங்க, இன்னைக்கு ராத்திரி அதை செட் பண்ணிட்டுப் படுக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கிடுங்க. டப்பாவை விரலாலயே தூக்க முடிஞ்சா, அதுதான் போலிக்கு அடையாளம்.