எர்த் கோளாறு: ஓம் சோதனையா, வோல்டேஜ் டிராப் சோதனையா?

இன்ஜின் மாற்றிய காரில் மின்கோளாறு விட்டுவிட்டு வந்தால் முதலில் எர்த் வயரை, அதாவது இன்ஜினையும் பாடியையும் பேட்டரி நெகட்டிவோடு இணைக்கும் வயரை, பாருங்கள். பெரும்பாலும் மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது பெயின்ட் மேலேயே முடுக்கியிருப்பார்கள்.

சோதிக்க இரண்டு வழி: வயரின் மின்தடையை அளக்கும் ஓம் சோதனை; கரன்ட் ஓடும்போது வயரில் இழக்கும் வோல்ட்டை அளக்கும் வோல்டேஜ் டிராப் சோதனை.

செலவு: இரண்டுக்கும் ஒரே மல்டிமீட்டர்.

எளிமை: ஓம் சோதனைக்கு பேட்டரியைக் கழற்ற வேண்டும், ஒருவரே செய்யலாம். வோல்டேஜ் டிராப்புக்கு எதையும் கழற்ற வேண்டாம். சாவி திருப்ப இன்னொருவர் வேண்டும்.

நம்பகம்: இங்கேதான் பெரிய வித்தியாசம். ஓம் மீட்டர் அனுப்பும் கரன்ட் மிகக் குறைவு; ஒரே இழையில் தொங்கும் வயரையும் நல்லது என்றே காட்டும். டிராப் சோதனையில் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், சிவப்பு இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில். ஸ்டார்ட்டர் சுழலும்போது 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் தடை இருக்கிறது.

சென்சார் வயர் எங்கோ அறுந்த சந்தேகமா? ஹார்னஸை (வயர்க் கட்டை) அசைத்தபடி ஓம் பாருங்கள். விளக்கு மங்குகிறதா, ஸ்டார்ட்டர் திணறுகிறதா? டிராப் சோதனைதான்.