கேரவன் பேட்டரி: லெட் ஆசிடா, லித்தியமா?

100 ஆம்பியர்-அவர் (பேட்டரி கொள்ளளவின் அலகு) லெட் ஆசிட் பேட்டரியில் தயங்காமல் எடுக்கக்கூடியது பாதிதான், 50. அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80 முதல் 90 வரை எடுக்கலாம்; எடையும் ஏறக்குறைய பாதிதான்.

லெட் ஆசிடைப் பெரும்பாலும் கொல்வது அரைகுறை சார்ஜ். ஓய்வில் 12.2 வோல்ட் காட்டினால் பாதி காலி. அப்படியே வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், இழந்த கொள்ளளவு முழுதாகத் திரும்பாது. 14.4–14.8 வோல்ட்டில் முழுதாக ஏற்றி, பிறகு 13.5 வோல்ட் அளவில் ஃப்ளோட்டில் (நிறைந்த சார்ஜ் குறையாமல் தாங்கும் நிலை) விடுங்கள். டிஸ்டில்டு வாட்டரைச் சார்ஜ் முடிந்தபின் ஊற்றுங்கள்; முன்பே நிரப்பினால் சார்ஜாகும்போது மட்டம் உயர்ந்து ஆசிட் வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூடும் அளவுக்கு முதலில் கொஞ்சம். ஹைட்ரஜன் வெளியேறக் காற்றோட்டமும் வேண்டும்.

லித்தியத்துக்குத் தண்ணீர் வேலை இல்லை. ஆனால் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது; ஆனோடில் (செல்லின் நெகட்டிவ் பக்கம்) லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். மாதக்கணக்கில் நிறுத்திவைக்க 50 சதவீதம் போதும், லெட் ஆசிடுக்கு நேர் எதிர். பழைய சார்ஜரில் ஈக்வலைஸ் (லெட் ஆசிடுக்காக வேண்டுமென்றே கூடுதல் வோல்ட்டில் ஏற்றும் முறை) இருந்தால் அணைத்துவிடுங்கள். ஆல்டர்னேட்டரோடு (இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர்) நேரடியாக இணைத்தால் பேட்டரி இழுக்கும் கரண்டில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகலாம். நடுவில் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள்.

கரண்ட் இணைப்பு இல்லாத இடங்களில் அடிக்கடி தங்குபவர்களுக்கு லித்தியம்தான் சரி. வண்டி பெரும்பாலும் இணைப்பிலேயே நிற்கிறதென்றால் லெட் ஆசிடே தாராளம்.