பலாவு: தலைவர்களின் 'புல்'லா, பெருங்கடல் சரணாலயமா?

பசிபிக் பெருங்கடலில் உள்ள குட்டி நாடான பலாவுத் தீவுகளில் கடலைக் காக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 'புல்' (நம்மூர்ப் புல் இல்லை). மீன்கள் முட்டையிடத் திரளும் பவளத்திட்டுக்கு ஊர்த் தலைவர்கள் தடை போடுவார்கள்; கொஞ்ச காலம் யாரும் வலை வீசக்கூடாது. சின்ன இடம்தான். ஆனால் மீறுகிறவர் பக்கத்து வீட்டுக்காரராகவே இருப்பார், முகம் தெரிந்துவிடும்.

இன்னொன்று, 2015-இல் சட்டமாகி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தேசியக் கடல் சரணாலயம். நாட்டின் பொருளாதாரக் கடல் எல்லையில் (மீன்பிடி உரிமை அந்த நாட்டுக்கே உள்ள கடற்பகுதி) 80 சதவீதம், ஏறத்தாழ 5 லட்சம் சதுர கி.மீ., மீன்பிடிக்கு மூடல். சூரை மீனைத் துரத்தி வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு இதுதான் சரி. ஆனால், அவ்வளவு கடலையும் சுற்றிவர ரோந்துப் படகு, எரிபொருள், ஆள் வேண்டுமே? மொத்த மக்களே சுமார் 18 ஆயிரம் பேர்தான். பவளத்திட்டு மீனுக்கு என் ஓட்டு புல்லுக்கே.